ஃபேர்: ஒரு சொல், இரண்டு வம்சம், ஏழு அர்த்தம்



சற்று நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது காப்பியோ டீயோ பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக வாசியுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடாக இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இன்று ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். பெரிய சொல் ஒன்றும் இல்லை. நான்கே எழுத்து. எஃப்-ஏ-ஐ-ஆர். ஃபேர்.

எனக்கு இங்கிலீஷே தெரியாது என்பவர்கள்கூட இந்தச் சொல்லோடுதான் புழங்குகிறார்கள். பிள்ளைகள் ரஃப் நோட்டில் எழுதியதை ஃபேர் நோட்டில் எழுதுகிறார்கள். தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன், "இது ஃபேரே இல்லடா" என்று மட்டையைக் கீழே போடுகிறான். நியாயவிலைக் கடைக்கு அரசாங்கத்தின் ஆங்கிலப் பெயர் ஃபேர் பிரைஸ் ஷாப். சென்னையில் 1977 முதல் நடக்கும் புத்தகக் காட்சி எல்லார் வாயிலும் புக் ஃபேர். சில பள்ளிகளின் பிராக்ரஸ் கார்டில் குட், ஃபேர், புவர் என்று தரம் போடுவார்கள். கல்யாணத் தரகர் வந்தால், "பொண்ணு நல்ல ஃபேருங்க" என்பார்.

சுத்தம், நியாயம், சந்தை, சுமார், சிவந்த நிறம். இத்தனையும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து உட்கார்ந்தன?

நான் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, எல்லாப் பாடத்தையும் நானே எடுத்த இடைநிலை ஆசிரியை. ஆனால் அகராதி புரட்டும் பழக்கத்தை மட்டும் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. அந்தப் பழக்கத்தில் சேர்த்ததைத்தான் இங்கே தருகிறேன்.

1. ஆள்மாறாட்டக்காரன் ஒருவன்

முதலில் ஒருவனை வெளியே அனுப்பிவிடுவோம். பஸ்ஸுக்குக் கொடுக்கும் கட்டணமும் காதுக்கு ஃபேர்தான். ஆனால் அதன் எழுத்து எஃப்-ஏ-ஆர்-இ. பழைய ஆங்கிலத்தில் பயணம் போவதைக் குறித்த ஒரு வினைச்சொல்லில் இருந்து வந்தது. விடைபெறும்போது சொல்லும் ஃபேர்வெல் அந்த வீட்டுப் பிள்ளை. "நல்லபடியாகப் போய் வா" என்பதே அதன் அடிப்படைப் பொருள். நலம் என்று பொருள்படும் வெல்ஃபேரும் அந்த வீடுதான். நம் சொல்லுக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. ஓசை ஒன்று, பிறப்பு வேறு. பிள்ளைகள் பரீட்சையில் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

2. முதல் வம்சம்: பொருத்தமே அழகு

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ஃபேகர் என்பது போன்ற உருவம். பொருள், அழகானது, கண்ணுக்கு இனியது. மனிதருக்கும் சொல்லலாம், மரத்துக்கும் சொல்லலாம், ஊருக்கும் சொல்லலாம். தோலின் நிறத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் அன்று கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை.

அதற்கும் முன்னால் போக ஒரு வழி இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் பெரியம்மா முறையில் கோதிக் என்ற மொழி இருந்தது. இன்று அது வழக்கில் இல்லை. 4ஆம் நூற்றாண்டில் விவிலியம் அந்த மொழியில் பெயர்க்கப்பட்டது. சாரமற்றுப் போன உப்பு நிலத்துக்கும் உதவாது, எருக்குழிக்கும் உதவாது என்று லூக்கா நற்செய்தியில் ஓர் இடம் வரும். அங்கே "உதவும், பொருந்தும்" என்ற பொருளில் நிற்பது இந்தச் சொல்லின் கோதிக் உருவம். பொருத்தமாக இருப்பது என்பதே இதன் மிகப் பழைய பொருளாக இருந்திருக்கும் என்று அகராதிக்காரர்கள் கருதுவது இதை வைத்துத்தான்.

வடக்கே நார்வே, ஐஸ்லாந்து பக்கம் போனால் அங்கே இதே சொல் அழகையே குறித்தது. நார்வேயை ஒன்றாக்கியதாகச் சொல்லப்படும் முதல் மன்னர் ஹரால்டின் பட்டப்பெயருக்கு அழகிய முடியுடையவர் என்று பொருள். ஐஸ்லாந்து மக்கள் இன்றும் அழகைச் சொல்ல ஃபாகூர் என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள்.

பொருத்தம் எப்படி அழகாகும் என்று யோசிக்கிறவர்கள் நம் வீட்டுப் பேச்சைக் கவனித்தால் போதும். "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசுவது அழகில்லை" என்கிறோம். அங்கே அழகு என்றால் என்ன? தகுந்தது, முறையானது. மூக்கும் முழியும் பற்றிய பேச்சே அங்கு இல்லை. அழகும் முறையும் தமிழிலும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்தான்.

3. அழகிலிருந்து நியாயத்துக்கு

இந்தச் சொல்லுக்கு எதிரே எப்போதும் ஒரு சொல் நின்றது. ஃபவுல். அழுகியது, நாற்றமெடுப்பது, அசுத்தமானது என்று பொருள். வானம் தெளிவாக இருந்தால் ஃபேர், புயலும் மழையுமாக இருந்தால் ஃபவுல். பாய்மரக் கப்பல்காரர்களுக்கு, போகிற திசையிலேயே அடிக்கும் காற்று ஃபேர், எதிர்த்து அடிக்கும் காற்று ஃபவுல்.

இந்த ஜோடியை வைத்துப் பார்த்தால் அடுத்த படி தானாக விளங்கிவிடும். அழகானது என்றால் கறையில்லாதது. கறையில்லாத தாள் ஃபேர் காப்பி, அதாவது அடித்தல் திருத்தல் இல்லாத படி. நம் பிள்ளைகளின் ஃபேர் நோட்டு இந்தக் கிளையில் பிறந்தது. கறையில்லாத நடத்தையும் ஃபேர். யார் பக்கமும் சாயாமல், கையில் அழுக்குப் படாமல் நடந்துகொள்வது. 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் பாரபட்சமற்றது என்ற பொருள் நிலைத்துவிட்டது. ஷேக்ஸ்பியர் காலத்தில் ஃபேர் பிளே என்ற தொடரும் நடமாடியது. அதற்கு எதிரான ஃபவுல் பிளே இன்று போலீஸ் செய்திகளில் "மரணத்தில் சந்தேகம்" என்கிற இடத்தில் வருகிறது. கால்பந்து மைதானத்தில் நடுவர் விசில் ஊதியதும் நம் பையன்கள் "ஃபவுல்! ஃபவுல்!" என்று கத்துவது அந்தப் பழைய ஜோடியின் பாதிதான். கிரிக்கெட் விதிகளில் இன்றைய 41ஆவது விதிக்குத் தலைப்பே அன்ஃபேர் பிளே.

நியாயத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் இன்னும் சில சொற்கள் உண்டு. ஜஸ்ட், இம்பார்ஷியல், ஈக்விட்டபிள். அர்த்தம் ஒன்றுபோல் தெரிந்தாலும் மணம் வேறு. ஜஸ்ட் என்பது சட்டத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது, அதில் நீதிமன்ற வாசனை அடிக்கும். ஈக்விட்டபிள் சமம் என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது, அதில் பங்கீட்டுக் கணக்கு இருக்கும். இம்பார்ஷியல் என்றால் ஒரு பக்கம் சாயாதது, அது நடுவருக்குச் சொல்வது. ஃபேர் மட்டும் லத்தீன் படிக்காதவர்களின் சொல். தின்பண்டத்தைப் பங்கு போடும்போது ஐந்து வயதுக் குழந்தையும் சொல்லக்கூடியது. அண்ணனுக்கு இரண்டு முறுக்கு, தனக்கு ஒன்று என்றால் குழந்தை "இது ஜஸ்ட் அல்ல" என்று சொல்லாது. "இது ஃபேர் இல்லை" என்றுதான் அழும்.

அந்தக் குழந்தையின் சொல் நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் ஏறியது. சாகுபடி செய்யும் குத்தகைதாரர் நிலக்காரருக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம் என்பதற்காக 1956இல் சென்னை மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பில் ஃபேர் ரென்ட் என்றே இருக்கிறது. 1960இல் வந்த கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும் இதே தொடர் உண்டு. தொழிலாளருக்கு எது நியாயமான கூலி என்று ஆராய 1948இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குப் பெயர் ஃபேர் வேஜஸ் குழு. உயிர் பிழைக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி ஒன்று, கௌரவமாக வாழ வேண்டிய கூலி ஒன்று, இரண்டுக்கும் நடுவே நியாயக் கூலி ஒன்று என அந்தக் குழு மூன்று படி வகுத்தது. ஏழைக்கு வயிறு நிறைய உதவிய சொல் இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

4. அழகு எப்படிச் சுமாராக இறங்கியது?

பிராக்ரஸ் கார்டில் ஃபேர் என்று போட்டிருந்தால் பெற்றோர் முகம் வாடிவிடும். எக்ஸலன்ட், வெரி குட், குட் எல்லாம் போன பிறகு வருவது அது. பரவாயில்லை ரகம். அழகு என்று பொருள் தந்த சொல் இங்கே ஏன் இவ்வளவு கீழே இறங்கியது?

புகழ்ச்சிச் சொற்களுக்கு எல்லா மொழியிலும் நேரும் கதிதான். அளவுக்கு மேல் புழங்கினால் மதிப்பு தேயும். குறையில்லை என்பதில் தொடங்கி, பெரிய குறை இல்லை என்று இறங்கி, சுமார் என்பதில் வந்து நிற்கும். "பையன் எப்படிப் படிக்கிறான்?" என்றால் "நல்லாத்தான் படிக்கிறான்" என்று நாம் இழுப்போமே, அந்த "நல்லா"வில் எவ்வளவு நல்லது மிச்சம் இருக்கிறது?

அளவைச் சொல்லும்போது இதே சொல் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். கூட்டத்துக்கு ஃபேர் நம்பர் ஆட்கள் வந்தார்கள் என்றால் கணிசமாக வந்தார்கள் என்று பொருள். ஒரே வம்சத்தில் சுமாரும் உண்டு, கணிசமும் உண்டு. இடம் பார்த்துத்தான் அர்த்தம் கொள்ள வேண்டும்.

5. இரண்டாம் வம்சம்: திருநாளும் சந்தையும்

புக் ஃபேரில் வரும் ஃபேருக்கும் இதுவரை பார்த்த ஃபேருக்கும் ரத்த உறவே இல்லை. அது லத்தீனில் திருநாளைக் குறிக்கும் ஃபேரியா என்ற சொல்லில் பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து வந்து சேர்ந்தது. புனிதர்களின் திருநாளில் மக்கள் கோயில் வாசலில் கூடுவார்கள். கூட்டம் இருக்கும் இடத்தில் கடை வரும். நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் வளையல் கடையும் ராட்டினமும் வருவதுபோல. காலப்போக்கில் திருநாளின் பெயர் சந்தையின் பெயராகிவிட்டது.

இந்த லத்தீன் சொல்லின் நேர் வாரிசைப் போர்ச்சுக்கீசிய மொழியில் இன்றும் பார்க்கலாம். அவர்களுக்குத் திங்கட்கிழமை செகுந்தா ஃபெய்ரா. அதாவது இரண்டாம் ஃபெய்ரா. வெள்ளி வரை வாரநாள்கள் எல்லாம் இப்படி எண் போட்ட ஃபெய்ராக்கள்தான்.

லண்டனில் புனித பர்த்தலமேயு பெயரில் நடந்த சந்தை புகழ்பெற்றது. 1133இல் முதலாம் ஹென்றி மன்னர் அதற்கு உரிமை கொடுத்தார். 1855 வரை, எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. துணி வியாபாரத்தில் தொடங்கி, பிற்காலத்தில் கூத்தும் கேளிக்கையுமாக மாறிவிட்டது. லண்டனில் பணக்காரர்கள் வசிக்கும் மேஃபேர் பகுதிக்கு அந்தப் பெயர் வந்ததும் சந்தையால்தான். 1686 முதல் அங்கே மே மாதச் சந்தை கூடியது. ரகளை தாங்காமல் 1764இல் அதை நிறுத்தினார்கள். சந்தை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

சந்தைக்குள்ளேயே அந்தக் காலத்தில் ஒரு நீதிமன்றமும் இருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. எடை குறைந்தது, சரக்கு கெட்டது, கொடுத்த காசு வரவில்லை என்று வழக்கு வந்தால், வெளியூர் வியாபாரி மூட்டையைக் கட்டிக் கிளம்பும் முன் அங்கேயே தீர்ப்பு. அந்த நீதிமன்றத்துக்குப் பெயர் பைபவுடர். பிரெஞ்சில் புழுதிக் கால்கள் என்று பொருள். ஊர் ஊராக நடந்து வந்தவர்களின் கால் புழுதியைத் துடைக்கும் முன் நியாயம் கிடைக்க வேண்டும்! சந்தை ஃபேரும் நியாய ஃபேரும் வேறு வேறு வம்சம் என்றாலும் இந்த இடத்தில் இரண்டும் கை குலுக்கிக்கொண்டன.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். வேனிட்டி ஃபேர் என்ற நாவலைப் பலர் அழகைப் பற்றிய கதை என்று நினைக்கிறார்கள். அங்கே இருப்பது சந்தை. 1678இல் ஜான் பன்யன் தன் புத்தகத்தில், உலக ஆசைகள் விற்கப்படும் சந்தைக்கு அந்தப் பெயரை வைத்தார். கல்கத்தாவில் பிறந்த தாக்கரே அதை எடுத்துத் தன் நாவலுக்குத் தலைப்பாக்கினார்.

6. ஏழாவது அர்த்தம்: நிறம்

இனி நான் இந்தப் பதிவை எழுதக் காரணமான இடத்துக்கு வருகிறேன்.

முதல் வம்சத்து ஃபேர் அழகைக் குறித்தது என்று பார்த்தோம். இங்கிலாந்தில் இடைக்காலத்திலிருந்தே அது வெளுத்த தோலையும் பொன்னிறக் கூந்தலையும் சுட்டத் தொடங்கியது. 16ஆம் நூற்றாண்டில் அந்தப் பொருள் கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. வெயிலில் வயல் வேலை செய்பவர் தோல் கறுக்கும், மாளிகைக்குள் இருப்பவர் தோல் வெளுத்திருக்கும். ஆகவே வெளுப்பு என்பது வசதியின் அடையாளம். வசதி உள்ளவரின் அடையாளம் அழகின் இலக்கணம் ஆகிவிட்டது.

அந்த இலக்கணத்துக்காகச் செல்வர் வீட்டுப் பெண்கள் ஈயத்திலிருந்து செய்த வெண்பொடியைக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டார்கள். ஈயம் நஞ்சு. லண்டனின் பெரிய அழகி என்று கொண்டாடப்பட்ட கவென்ட்ரி சீமாட்டி மரியா 1760இல் 27 வயதில் இறந்தார். அந்தப் பூச்சுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது.

ஷேக்ஸ்பியருக்கு இந்தச் சொல்லின் சூழ்ச்சி நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1609இல் அச்சான அவருடைய 154 சானெட் கவிதைகளில், 127 தொடங்கிக் கடைசிப் பகுதியில் வருபவள் கருவிழியும் கருங்கூந்தலும் கொண்ட ஒரு பெண். அழகானவள் என்ற ஃபேரையும் வெளுத்தவள் என்ற ஃபேரையும் மோதவிட்டு அவர் விளையாடியிருப்பார். 1755இல் சாமுவேல் ஜான்சன் தொகுத்த அகராதி, அழகு என்பதை ஒரு பொருளாகவும் வெளுத்த நிறம் என்பதை இன்னொரு பொருளாகவும் தனித்தனியே எண் போட்டுக் காட்டியது. ஆனால் அகராதியில் எண் போட்டுப் பிரித்துவிட்டால் மட்டும் மனதில் பிரிந்துவிடுமா? ஒரே சொல்லில் அழகு, சுத்தம், நேர்மை, வெளுப்பு நான்கும் குடியிருந்தால், வெளுத்தவரைப் பார்த்ததும் மற்ற மூன்றும் சேர்ந்தே நினைவுக்கு வரும். எதிரே நிற்பவரைப் பார்த்தால் மற்ற மூன்றும் இல்லாததாகத் தோன்றும். சண்டையே இல்லாமல் ஒரு சொல் செய்கிற அநியாயம் இது.

அந்தச் சொல் ஆட்சியோடு சேர்ந்து நம் நாட்டுக்கும் வந்தது. நிறம் பார்க்கும் புத்தியை வெள்ளைக்காரன்தான் கொடுத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். "செவப்பா இருக்கா" என்று நம் பாட்டிமாரும் சொன்னவர்கள்தான். ஆனால் அந்தப் புத்திக்கு ஆங்கிலம் ஒரு கோட்டு சூட்டு மாட்டிவிட்டது. பத்திரிகையின் மணமகள் தேவை விளம்பரத்தில் சிவப்பு என்று போடக் கூச்சப்படுகிறவரும் ஃபேர் என்று போடக் கூசுவதில்லை.

1975இல் இந்தச் சொல்லைப் பெயரின் முதல் பாதியாக வைத்து ஃபேர் அண்ட் லவ்லி என்ற முகப்பூச்சு இந்தியச் சந்தைக்கு வந்தது. 2009இல் சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் அமைப்பு, கறுப்பும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பின்னர் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். 2014இல் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு, கறுத்த நிறமுள்ளவர்களை அழகற்றவர்களாகவோ வாழ்க்கையில் தோற்றவர்களாகவோ காட்டி விளம்பரம் செய்யக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலையை எதிர்த்து உலகம் முழுவதும் நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்தபோது, அந்த முகப்பூச்சின் பெயரிலிருந்து ஃபேர் நீக்கப்பட்டு குளோ வந்தது. அதே ஆண்டில் ஒரு பெரிய திருமண இணையதளம், நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை எடுத்துவிட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகள் டப்பாவில் ஒட்டியிருந்த ஒரு சொல் போனது. நம் வாயிலிருந்து அது போய்விட்டதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

7. ஆறாம் வகுப்பில் ஒரு கேள்வி

எதிர்ச்சொல் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். ஃபேர் என்று கரும்பலகையில் எழுதினேன். பாதி வகுப்பு பிளாக் என்றது. சிலர் டார்க் என்றார்கள். விடை ஃபவுல் என்று எழுதிப்போட்டு அதன் பொருளையும் சொன்னேன்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். நல்ல கறுப்பு. வகுப்பிலேயே கையெழுத்து அழகாக இருக்கும் பிள்ளை.

"டீச்சர், எங்க அத்தை நான் ஃபேர் இல்லனு சொல்றாங்க. அப்ப நான் ஃபவுலா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் உட்காராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது வேடிக்கைக் கேள்வி அல்ல என்று எனக்குப் புரிந்தது.

அன்று மீதி நேரம் முழுவதும் அந்த ஒரு சொல்தான் பாடம். கரும்பலகையில் ஏழு கட்டம் போட்டேன். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு கட்டம், ஒவ்வொன்றுக்கும் தனி எதிர்ச்சொல். அழகுக்கு எதிர் அக்லி. தெளிந்த வானத்துக்கு எதிர் ஃபவுல். நியாயத்துக்கு எதிர் அன்ஃபேர். ஃபேர் காப்பிக்கு எதிர் ரஃப் காப்பி. நிறத்துக்கு எதிர் டார்க். சுமாருக்கும் சந்தைக்கும் எதிர்ச்சொல்லே கிடையாது. "ஒரு கட்டத்துச் சொல்லை இன்னொரு கட்டத்தில் தூக்கிப் போடுவது இலக்கணப்படி தப்பு. உன் அத்தை இலக்கணத்தில் ஃபெயில்" என்றேன். இந்த முறை அவள் சிரித்த சிரிப்பு வேறு.

8. தமிழ் என்ன சொல்கிறது?

வீட்டுக்கு வந்து தமிழ் அகராதியைப் புரட்டினேன். மாமை என்ற சொல்லில் கண் நின்றது. சங்க இலக்கியத்தில் பெண்ணின் மேனி நிறத்தைச் சொல்லும் சொல் அது. மாந்தளிரின் நிறம் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். இளம் மாந்தளிர் எப்படி இருக்கும்? வெள்ளையாகவா இருக்கும்? செம்பும் கருமையும் கலந்து மினுங்கும். அகராதியில் மாமை என்பதற்குக் கருமை என்றும் பொருள் இருக்கிறது, அழகு என்றும் பொருள் இருக்கிறது.

ஆங்கிலத்தில் வெளுப்பும் அழகும் ஒரே சொல்லில் குடியேறின. தமிழில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கருமையும் அழகும் ஒரே சொல்லில் குடியிருந்தன!

இன்னும் கேளுங்கள். தலைவன் பிரிந்து போனால் தலைவியின் மேனி வெளிறிப் போகும். அதற்குப் பசலை, பசப்பு என்று பெயர். திருக்குறளில் 119ஆம் அதிகாரம் முழுவதும் அதைப் பற்றியதுதான். அந்தப் பாட்டுகளில் நிறம் வெளிறுவது நோயின் அறிகுறி. தலைவன் திரும்பி வந்து, பழைய மாமை நிறம் மீண்டால்தான் அவள் நலம்.

அந்த மாமையின் மாதான் இன்றைய மாநிறத்திலும் இருக்கிறது. ஆனால் இன்று மாநிறம் என்பதை எப்படிச் சொல்கிறோம்? "செவப்பு இல்ல, ஆனா கறுப்பும் இல்ல, மாநிறம்" என்று ஆறுதல் சொல்வதுபோல. அழகின் பெயராக இருந்ததைச் சமாளிப்பின் பெயராக்கிவிட்டோம். "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்ற பழமொழியையும் பழைய காலத்துப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டோம்.

தமிழ் மட்டும் புனிதம் என்று சொல்ல வரவில்லை. செம்மை என்ற சொல்லை எடுங்கள். சிவப்பு, நேர்மை, அழகு எல்லாம் அந்த ஒரு தலைப்பின் கீழ் கிடைக்கும். நியாயமான ஆட்சியைச் செங்கோல் என்பதும் அங்கேதான். அதற்காகச் சிவந்தவரெல்லாம் நேர்மையானவர் என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம் அல்லவா? ஃபேர் விஷயத்திலும் அதே சிரிப்பு நமக்கு வர வேண்டும். எந்த நிறம் எந்த நல்ல சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது என்பது அந்தந்தக் காலத்தின் தற்செயல். அது இயற்கை போட்ட சட்டம் அல்ல.

9. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க

எந்த அர்த்தத்துக்கு ஃபேருக்குப் பதிலாக எதைச் சொல்லலாம் என்று சுருக்கமாகத் தருகிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அழகு என்றால் பியூட்டிஃபுல், லவ்லி, பிரிட்டி, ஹேண்ட்சம். (பிரிட்டி முன்பு தந்திரக்காரரைக் குறித்த சொல். ஹேண்ட்சம் என்றால் முன்பு கையாள எளிதானது. சொற்கள் எவ்வளவு தூரம் நடக்கின்றன பாருங்கள்!)
தெளிந்த வானம் என்றால் கிளியர், ஃபைன். அடித்தல் இல்லாத தாள் என்றால் கிளீன், நீட்.
நியாயம் என்றால் ஜஸ்ட், இம்பார்ஷியல், ஈக்விட்டபிள்.
சுமார் என்றால் ஆவரேஜ், மாடரேட்.
கணிசம் என்றால் கன்சிடரபிள்.
சந்தை, கண்காட்சி என்றால் மார்க்கெட், எக்ஸிபிஷன்.
நிறம் என்றால்? மருத்துவரோ அடையாள ஆவணமோ கேட்கும்போது தவிர, பெரும்பாலும் அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. வேண்டுமானால் லைட், டார்க் என்று இருப்பதை இருக்கிறபடி சொல்லலாம். அதில் புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஃபேர் என்ற சொல்லை நம் வீடுகளில் நியாயத்துக்கென்று ஒதுக்கி வைப்போம். குத்தகைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் ரேஷன் கடை வரிசைக்கும் உழைத்த சொல் அது. அதைக் கொண்டுபோய்ப் பெண் பார்க்கும் படலத்தில் ஒரு பிள்ளையின் கன்னத்தை அளக்கப் பயன்படுத்துவது அந்தச் சொல்லுக்கே ஃபேர் இல்லை.

உங்கள் ஊரில் நிறத்தைச் சொல்ல வேறு என்னென்ன சொற்கள் புழங்குகின்றன? அவற்றில் எது புகழ்கிறது, எது குத்துகிறது? கீழே எழுதுங்கள். படித்துவிட்டு ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறேன். அடுத்த பதிவில் இன்னொரு சொல்லோடு சந்திப்போம்.